தொகுதிக்கே தாய்மாமன்

கொஞ்சம் ஜன்னலோரமா நகந்துக்குங்க, ரெண்டு பேருக்கும் தாராளமா இருக்கும். என்ன, என் மூஞ்சியவே பாக்குறீங்க? எங்கயோ பாத்த ஆளு மாதிரி இருக்கா? இருக்கும், இருக்கும். செங்கரடு தொகுதிக்குள்ள எந்தச் செவத்தப் பாத்திருந்தாலும் என்னையப் பாத்திருப்பீங்க. கும்பிட்ட கையோட, நெத்தி நெறைய துன்னூறோட சிரிச்சுக்கிட்டு இருப்பேன். இப்ப மழையில பாதி உரிஞ்சு போச்சு. பஸ் ஸ்டாண்டு செவத்துல மீசை மட்டுந்தான் மிச்சம் இருக்கு.

நாந்தான் முத்திருளப்பன். எம்.எல்.ஏ. எலெக்சன்ல நின்னவன். இருபத்து மூணு ஓட்டு. ஆமாங்க, இருபத்து மூணே ஓட்டுல போச்சு. இந்த பஸ்ல உக்காந்திருக்கிறவங்கள எண்ணிப் பாருங்க, அதவிடக் கூட வரும். டிரைவரையும் கண்டக்டரையும் விட்டுட்டே எண்ணுங்க. எனக்கு இன்னும் வயித்தெரிச்சல் அடங்கல. சோறு எறங்கல. ரெண்டாயிரத்துல, மூவாயிரத்துல தோத்திருந்தா போகுது கழுதன்னு தொடச்சுப் போட்டுட்டு தோட்டத்தப் பாக்கப் போயிருப்பேன்.

மதுரை வரைக்குந்தானே நீங்க? அப்பக் கேளுங்க. ஒண்ணரை மணி நேரம் இருக்கு.

எங்க தொகுதி எப்படின்னா, வாய்க்காலுக்கு இங்கிட்டு இருக்கிற ஊரு பூராம் நம்ம கட்சி, அங்கிட்டு இருக்கிற ஊரு பூராம் அவங்க கட்சி. கல்யாண வீட்டுப் பந்தியிலகூட அப்படித்தான் ரெண்டாப் பிரிஞ்சு உக்காருவாங்க. போன தடவ நாங்க முந்நூத்திச் சொச்சத்துல ஜெயிச்சோம். அதுக்கு முந்தி எண்ணூறு. அம்புட்டுதான் வித்தியாசம் வரும். மூணு தடவ ஜெயிச்ச எங்க பழைய எம்.எல்.ஏ. உடம்பு முடியலன்னு இந்தத் தடவ ஒதுங்கிட்டாரு. சீட்டு காலி. பதினேழு பேரு கேட்டோம். எனக்குக் கெடச்சுச்சு. இருபது வருசமா கொடி கட்டி, மேடை போட்டு, அடுத்தவனுக்கு மால வாங்கிக் குடுத்த கை இது. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. எங்க அப்பா இருந்திருந்தா அன்னைக்குத் தெருவுல நின்னு அழுதிருப்பாரு.

எதுத்து நின்னது யாருன்னா, அழகுமலை. ரிட்டயர்டான பி.டி. வாத்தியாரு. தொகுதியில பாதிப் பேரு அவருகிட்ட விசில் சத்தத்துக்கு ஓடுனவங்கதான். எனக்கே ஆறாப்புல அவருதான் டிரில் எடுத்தாரு. பேசத் தெரியாது, மேடையில ஏறுனா அட்டென்சன்ல நிக்கிற மாதிரி நிப்பாரு. ஊர் ஊரா நடந்துதான் ஓட்டுக் கேட்டாரு. எளிமையாமா. ஜீப்பு இருந்தும் நடக்குற மனுசன நான் நம்ப மாட்டேங்க.

நம்மகிட்ட இருந்ததெல்லாம் மூளை. எங்க ஒன்றியச் செயலாளரு தங்கமாயன்னு ஒருத்தரு, கூர்மையான ஆளு. அவருதான் ஒரு நாள் சொன்னாரு: "அண்ணே, நம்ம பக்கம் தாய்மாமனுக்கு மேல ஒறவு கெடையாது. நீங்க தொகுதிக்கே தாய்மாமன்னு எறங்கிருங்க."

எனக்குச் சிலுத்துப் போச்சு. நம்ம பக்கம் உங்களுக்குத் தெரியுந்தானே? புள்ளைக்கு முடியெறக்கிக் காது குத்தணும்னா தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். மாமன் வரலன்னா ஆசாரி ஊசியத் தொட மாட்டாரு. மொதலமைச்சரே வந்தாலும் மாமனுக்கு அடுத்த எடந்தான். அப்பேர்ப்பட்ட எடத்துல நான் போயி உக்காந்தா? மறுநாளே போஸ்டர் அடிச்சாச்சு. "தொகுதியின் தாய்மாமனே வருக!" ஓட்டுப் பதிவுக்கு முந்துன ஞாயித்துக்கெழம, செங்கரடு அடிவாரத்து அய்யனார் கோயில்ல, ஐம்பத்து நாலு புள்ளைகளுக்கு ஒரே நாள்ல காதுகுத்து. அத்தனைக்கும் ஒரே மடி, என் மடி.

தேர்தல் நேரத்துல சீர் குடுக்கக் கூடாது, தெரியும்ல? ஒரு துண்டு குடுத்தாலும் புடிச்சிருவாங்க. பறக்கும் படைக்காரங்க கேமராவோட வந்து நின்னாங்க. நான் நேராவே கேட்டேன், ஏங்க, மடி குடுக்கிறது லஞ்சம்னு எந்தச் சட்டத்துல போட்டிருக்குன்னு. அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

இதுல ஒரு சின்னச் சிக்கல் இருந்துச்சு. சின்னதுதான். என் தங்கச்சி சோலையம்மா மகளுக்கும் அன்னைக்குத்தான் காதுகுத்து.

எனக்குக் கூடப் பொறந்தது அவ ஒருத்திதான். பன்னெண்டு வயசு எளையவ. எங்க அம்மா சீக்கிரமே போயிட்டதால எந் தோள்லயே வளந்தவ. கொடிக்கம்பட்டியில குடுத்திருக்கோம், எங்க ஊர்ல இருந்து இருபது கிலோமீட்டரு. அதுவும் நம்ம தொகுதிதான். மாப்ள வீரணன் நல்ல மனுசன், பெரிய பங்காளிக் கூட்டம் அவங்களுக்கு. கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சுப் பொறந்த புள்ளைங்க அது. தர்ஷிகான்னு பேரு. தை மாசமே தேதி வச்சாச்சு. தேதி பாத்துக் குடுத்ததே நாந்தான். அப்ப எலெக்சன் இந்தத் தேதியில வரும்னு யாரு கண்டா?

நான் என்ன, விட்டுட்டா போனேன்? நேர்லயே போயி வழி சொன்னேன். "சோலை, புள்ளையத் தூக்கிக்கிட்டு நீ அய்யனார் கோயிலுக்கு வந்துரு. ஐம்பத்து அஞ்சாவதாச் சேத்துக்கிறேன். ஐம்பத்து அஞ்சென்ன, வரிசையில மொதல்ல உன் மகள ஒக்கார வக்கிறேன், பேப்பர்ல போட்டோ வரும்"னு சொன்னேன். எந்த அண்ணன் செய்வான்? அவ, "எங்க வீட்டுச் சாமிக்கு நேந்துக்கிட்டது, இங்கதான் குத்தணும்ணே"ன்னா. அப்புறம், வருவியாண்ணேன்னு கேட்டா. வரேன்னேன். வேட்பாளர்கிட்ட யாரு எது கேட்டாலும் வரேன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிப் போச்சு. ஒரு நாளைக்கு நாப்பது தடவ வரேம்பேன்.

அன்னைக்குக் காலையில என் சம்சாரத்தச் சீர்த்தட்டோட கொடிக்கம்பட்டிக்கு அனுப்பிட்டேன். பதினோரு தட்டு. அது குடும்பச் சீரு, அதுக்குத் தடை இல்லன்னு கேட்டு வச்சுக்கிட்டேன். ஒரு கொறையும் வைக்கல. என் மடி மட்டுந்தான் இங்க இருந்துச்சு.

அய்யனார் கோயில்ல திருவிழாக் கூட்டம். நான் நடுவுல பாயில சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். ரெண்டு பக்கமும் ஆசாரிமாரு. ஒவ்வொரு மொட்டையாத் தூக்கிட்டு வந்து மடியில வக்கிறாங்க, குத்துறாங்க, புள்ள வீலுங்குது, போட்டோ எடுக்குறாங்க, அடுத்தது. என் கணக்கு என்னன்னா, ஒரு புள்ளைக்கு அப்பன், ஆத்தா, ரெண்டு பக்கத்துத் தாத்தா, சித்தப்பன், மாமன்னு எட்டு ஓட்டு. ஐம்பத்து நாலு எட்டு நானூத்தி முப்பத்திரண்டு. எங்க தொகுதியில அது போதும். மதியத்துக்குள்ள ஏழு புள்ளைங்க எம் மேலயே நனைச்சிருச்சுங்க, மூணு வேட்டி மாத்துனேன். மூஞ்சி சுளிக்கலயே. சிரிச்சுக்கிட்டே இருந்தேன். தங்கமாயன்கூடச் சொன்னாரு, அண்ணே, பொறந்ததுல இருந்தே நீங்க எல்லாருக்கும் மாமந்தாண்ணேன்னு.

அந்தப் புள்ளைகளோட சொந்த மாமன்மாரும் வந்திருந்தாங்க. சுத்தி வரிசையா நின்னாங்க, ஐம்பது பேருக்கு மேல. புதுச் சட்டை போட்டுக்கிட்டு, கையில தட்டோட. தட்ட எங்க வக்கிறதுன்னு தெரியாம அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னாங்க பாவம். தொகுதியோட வேட்பாளரு தங்களோட மருமக்கமாரத் தூக்கி வச்சிருக்கிறதப் பாத்து அவங்களுக்குச் சந்தோசத்துல பேச்சே வரல. ஒரு ஆளு பாதியிலயே தட்டக் கீழ வச்சுட்டுக் கெளம்பிப் போனான். உணர்ச்சிவசப்பட்டுட்டான்னு நெனச்சேன்.

ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள கொடிக்கம்பட்டியில முகூர்த்தம். நான் எட்டரைக்கே கெளம்பிரலாம்னுதான் இருந்தேன். எட்டரைக்கு இங்க பதினோராவது புள்ளதான் வந்திருந்துச்சு. நடுவுல எந்திரிச்சா மிச்சப் புள்ளைகளப் பெத்தவங்க என்ன நெனைப்பாங்க? பத்தரை ஆச்சு. பதினொண்ணு ஆச்சு. சம்சாரம் நாலு தடவ போன் போட்டா, தங்கமாயன்தான் எடுத்து, கெளம்பிட்டாரு கெளம்பிட்டாருன்னாரு.

பதினொண்ணே காலுக்கு மாப்ள வீரணன் நம்பர்ல இருந்து போன். நானே எடுத்தேன். பேசுனது மாப்ள இல்ல.

"முத்து, நான் அழகுமலை பேசுறேன். ஓட்டுக் கேக்க இந்த ஊருக்குள்ள வந்தேன். புள்ளைக்கு முடியெறக்கி, சந்தனம் தடவி, ரெண்டு மணி நேரமா உக்கார வச்சிருக்காங்க. உன் தங்கச்சி வாசலயே பாத்துக்கிட்டு நிக்குது. நீ வந்துட்டுப் போப்பா. நீ வந்து போற வரைக்கும் நான் எங்கயும் ஓட்டுக் கேக்கல. இங்கனயே உக்காந்திருக்கேன்."

பாத்தீங்களா? எப்பேர்ப்பட்ட தந்திரம்! கடைசி ஞாயித்துக்கெழம. நான் நானூத்திச் சொச்சம் ஓட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், என்னைய அதுல இருந்து எழுப்பி இருபது கிலோமீட்டர் அலைய விடணும். அதுக்கு என் தங்கச்சி வீட்டுக்குள்ளயே பூந்து, என் மாப்ள போன வாங்கிப் பேசுறாரு மனுசன். வேற எவனா இருந்தாலும் ஏமாந்து ஓடியிருப்பான். நான் சுருக்கமாச் சொல்லிட்டேன்: "சார், உங்க வேலைய நீங்க பாருங்க, எனக்கு இங்க இன்னும் முப்பது மருமகப் புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு." போன அமத்தித் தங்கமாயன் கையில குடுத்துட்டேன்.

அப்புறம் விசாரிச்சதுல என்னன்னா, ஒரு மணி வரைக்கும் அந்த ஊரு மரத்தடியில சும்மாவே உக்காந்திருந்தாராம். வேன்ல ஓடுன மைக்கையும் அமத்தச் சொல்லிட்டாராம். ஒரு ஆளுகிட்ட ஒரு ஓட்டுக் கேக்கலயாம். ஊருக்காரங்க, சார், நேரமாகுது, நீங்களாவது மடி குடுங்கன்னு கேட்டிருக்காங்க. அது முத்து எடம், நான் உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாராம். என்னா நடிப்பு! எனக்கெல்லாம் அப்படி வராதுங்க, நான் மனசுல பட்டதச் செய்றவன்.

கடைசியில சோலையே மகளத் தன் மடியில வச்சுக் குத்திக்கிட்டா. சித்தப்பா மகன் மொறையில ஒருத்தன் வந்து நான் உக்காருறேன்னு நின்னுருக்கான், வேணாம்னுட்டாளாம். அதுவும் ஒரு மடிதானே? பெத்தவ மடியில என்ன கொறஞ்சு போச்சு? என் சம்சாரந்தான் வீட்டுக்கு வந்து மூக்க உறிஞ்சிக்கிட்டு இருந்தா. நான் சொன்னேன், ஏண்டி, பந்தலுக்கு உள்ள என் பிளெக்ஸு எட்டடிக்கு வச்சிருந்துச்சுல்ல, அதுக்கு முன்னாடிதானே உக்காந்திருப்பா, நான் இருந்த மாதிரித்தானேன்னு. அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. பொம்பளைங்களுக்கு அரசியல் புரியாது.

செவ்வாக்கெழம ஓட்டுப் பதிவு. ஒரு மாசம் தூக்கமில்லாமக் காத்திருந்து, எண்ணிக்கை. இருபது ரவுண்டு. பத்தொம்பது ரவுண்டு முடியிற வரைக்கும் நாந்தான் முன்னால. அறுபத்தி ஒரு ஓட்டு. வெளிய வெடி போட்டுட்டாங்க, எனக்கு மாலையே வந்துருச்சு. எம்.எல்.ஏ.ன்னு ரெண்டு பேரு கூப்புட்டுட்டாங்க. இருபதாவது ரவுண்டுல நாலே நாலு பூத்து பாக்கி. அதுல கடைசி பூத்து கொடிக்கம்பட்டி. எனக்கு நிம்மதி. வாய்க்காலுக்கு இங்கிட்டு இருக்கிற ஊரு, எப்பவும் நம்ம கட்சிக்கு முப்பது நாப்பது கூடத்தான் விழும். போதாததுக்குத் தங்கச்சி வாக்கப்பட்ட ஊரு.

அழகுமலைக்கு நானூத்திப் பன்னெண்டு. எனக்கு முந்நூத்தி முப்பத்தொண்ணு.

காதுக்குள்ள கொய்ங்குது. மத்த மூணு பூத்தையும் சேத்து அவருக்கு மூணு ஓட்டு கூட. மொத்தத்துல இருபத்து மூணுல போச்சு. மறுபடி எண்ணச் சொன்னேன், அதே இருபத்து மூணு. மாலைய யாரு கழட்டுனாங்கன்னே எனக்குத் தெரியல. அழகுமலை வந்து கையப் புடிச்சாரு, ஏதோ சொன்னாரு, நான் கேக்கல. வாய் விட்டு அழுதேங்க. அத்தனை பேருக்கு முன்னாடி, சின்னப் புள்ள மாதிரி அழுதேன்.

அப்புறம் உக்காந்து யோசிச்சேன், எங்க தப்பு நடந்துச்சுன்னு. மொதல்ல தபால் ஓட்டு, நூத்திச் சொச்சத்தச் செல்லாதுன்னுட்டாங்க. ரெண்டாவது வெயில். மூணாவது அந்த ஐம்பத்து நாலு புள்ளைகள்ல பாதிக்கு மேல வெளியூருங்க. அய்யனாரு அவங்களுக்குக் கொலசாமி, அதனால திருப்பூர்ல, கோயமுத்தூர்ல இருந்தெல்லாம் வந்திருக்காங்க. ஓட்டு பூராம் அங்க இருக்கு. இத ஒரு பய சொல்லல. உள்ளூர்க்காரங்களாவது போட்டாங்களான்னா, அந்தந்த ஊரு பூத்துல எல்லாம் போன தடவையவிடக் கொறஞ்சிருக்கு. காரணம் இன்னைக்கு வரைக்கும் புடிபடல. மடியில நனைச்ச புள்ளையோட ஊர்லகூடக் கொறஞ்சிருக்குங்க! நன்றி இல்லாத ஜனம்.

ஆனா கொடிக்கம்பட்டி விசயம் மட்டும் எனக்குப் பளிச்சின்னு புரிஞ்சு போச்சு. அந்த ஆளு ஓட்டே கேக்காம மரத்தடியில உக்காந்து ஓட்டு வாங்கியிருக்காரு. ரெண்டு மணி நேரம் ஒரு வேட்பாளரு ஒரு வீட்டு விசேசத்துல உக்காந்து ஜனங்க மனசக் கலைச்சா அது தப்பில்லையா? வக்கீலப் புடிச்சேன். கேஸ் போடலாம்னாரு. நாப்பத்தஞ்சு நாளைக்குள்ள போட்டாகணும், சாட்சி பலமா வேணும்னாரு. அந்த வீட்டுக்குள்ள இருந்த ஆளா, முதல் சாட்சியா ஒருத்தரு. அது யாரு? சோலைதான்.

நேத்துக் காலையில கொடிக்கம்பட்டிக்குப் போனேன். காதுகுத்துக்கு அப்புறம் இப்பத்தான் போறேன். நேரம் எங்க இருந்துச்சு? புள்ள வாசல்ல வெளையாண்டுக்கிட்டு இருந்துச்சு, முடி அரை விரலுக்கு மொளச்சிருக்கு. என்னையப் பாத்துட்டு, "அம்மா, போஸ்டர் மாமா வந்திருக்காரு"ன்னு உள்ள ஓடுச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அஞ்சு வயசுப் புள்ளைக்கே போஸ்டர் மனசுல பதிஞ்சிருக்கே.

சோலை தண்ணி குடுத்தா. நான் சுத்தி வளைக்கல. எனக்கு ஓட்டுப் போட்டியா இல்லியான்னு நேராவே கேட்டேன். அவ கொஞ்சங்கூட யோசிக்கல.

"உனக்குத்தாண்ணே போட்டேன். உன் மாப்ளயும் உனக்குத்தான் போட்டாரு. பங்காளி வீடுகள்ல வந்து, யாருக்கு ஆத்தா போடன்னு கேட்டாங்க. எங்க அண்ணனுக்குப் போடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

பாத்தீங்களா, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னைக்கு எம்.எல்.ஏ. போகட்டும்னு விட்டுட்டேன். கூடப் பொறந்தவளப் போயி என்ன சொல்றது? நான் மன்னிச்சுட்டேன். வாக்குமூலப் பேப்பர எடுத்து நீட்டுனேன். வக்கீலு குமாஸ்தா பக்குவமா டைப் அடிச்சுக் குடுத்திருந்தாரு. அழகுமலை வந்தது, போன் பேசுனது, மரத்தடியில உக்காந்தது எல்லாம் இருக்கு. கடைசி வரியத்தான் அவரு ரொம்ப யோசிச்சுப் போட்டிருந்தாரு. உறவுக்காரங்க சாட்சி கோர்ட்டுல எடுபடாதாம். ஊரும் வேற, இனிசியலும் வேற, யாருக்குத் தெரியப் போகுதுன்னு அவரு சொன்னாரு. அதனால, "மனுதாரர் முத்திருளப்பனுக்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது"ன்னு போட்டு முடிச்சிருந்தாரு.

சோலை எட்டாப்பு வரைக்கும் படிச்சவ. விரல் வச்சு ஒவ்வொரு வரியா வாசிச்சா. நான் வெலாவாரியாச் சொன்னேன், இது சும்மா கேஸுக்காகத்தான் ஆத்தா, பேப்பர்ல மட்டுந்தான்னு. அவ காதுல விழுந்துச்சா என்னன்னு தெரியல. கடைசி வரியில விரல் நின்னுச்சு. திருப்பியும் ஒரு தடவ படிச்சா.

"இது சரியாத்தான் எழுதியிருக்கு"ன்னா. பேனாவ வாங்கிக் கையெழுத்துப் போட்டுட்டா.

ஒரு கேள்வி கேக்கல, ஒரு மறுப்புச் சொல்லல. சாட்சின்னா இப்படில்ல இருக்கணும்? வக்கீலே அசந்து போவாரு பாருங்க. பேப்பர மடிச்சு அவ கையில இருந்து வாங்கிப் பையில வச்சேன். நேத்துல இருந்து அந்தக் கடைசி வரிய நாலு தடவ எடுத்துப் படிச்சுட்டேன், இந்தா, இப்பக்கூட எழுத்து கலங்கலாத்தான் தெரியுது. சுகரா இருக்கும். மதுரையில எறங்குனதும் ஒரு டாக்டரப் பாத்துட்டுத்தான் வக்கீலு வீட்டுக்குப் போகணும்.